மலையில் குடியிருக்க ஒரு வீடு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் வீட்டைப் பற்றியவை. கேஸ் சிலிண்டர், செல்போன் வாரண்டி பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, குன்னூரில் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் இருவரோடு சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000. எழுத்தில் எதுவும் இல்லை. ஏப்ரல் சீசனுக்கு டூரிஸ்ட்டுக்கு விடப் போகிறேன், மார்ச் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். அடுத்து யாராவது வந்தபின்தான் அட்வான்ஸ் தருவாராம்.
– வாசகி, குன்னூர்

பதில்: வாடகைக்குக் குடியிருப்பவரைத் தேதி சொல்லி வெளியே அனுப்பும் அதிகாரம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கென்று 2017-இல் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரை நிறுத்துவது, கரண்ட்டைப் பிடுங்குவது எல்லாம் கூடாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

உங்கள் பக்கத்தில் ஓட்டையும் இருக்கிறது. அதே சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனாலும் அவர் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். மார்ச் கடைசிக்குள் அது முடிகிற வேலையில்லை என்பது அவருக்கும் தெரியும். பேச்சுவார்த்தையில் உங்களுக்கு இருக்கும் பலம் அதுதான். கூகுள் பே-யில் அனுப்பிய வாடகை, அட்வான்ஸ் விவரங்களை முதலில் எடுத்து வையுங்கள். இனிமேல் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் விஷயம் இன்னும் தெளிவு. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், சேதாரம் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். 'அடுத்த ஆள் வந்தபின்' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்த வீட்டிலேயே தொடர்ந்தாலும் சரி, வேறு வீடு போனாலும் சரி, பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். சீசனில் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டியில் ஓட்டல் வேலை. ஒரே அறையில் ஒன்பது பேர் ஷிப்ட் மாற்றிப் படுக்கிறோம். வீடெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. வேலை செய்கிறவன் குடியிருக்க நகராட்சி ஏதாவது செய்ய முடியுமா, இல்லை இது எங்கள் தலையெழுத்தா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: தலையெழுத்து இல்லை. நகராட்சி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் ஏன் வீடு கிடைப்பதில்லை என்று பார்ப்போம். மலையில் கட்டக்கூடிய இடமே குறைவு. காடு, தேயிலை, சரிவு, ராணுவ நிலம் போக மிஞ்சியதில்தான் ஊர். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், அதாவது எல்லோரும் 'ஹாகா' என்கிறோமே அது, 1990-இல் வந்தது. நீலகிரியில் கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த மலை இது. ஆனால் மேலேயும் கட்ட முடியாது, பக்கத்திலும் கட்ட முடியாது என்ற ஊரில், இருக்கிற வீடு ஒவ்வொன்றும் யார் கைக்குப் போகிறது என்பதை நகராட்சி கவனிக்க வேண்டும். மூன்று நாள் தங்குகிறவர் ஒரு மாத வாடகையைக் கொடுத்துவிட்டுப் போனால், மாதம் முழுக்கத் தங்குகிறவருக்கு யார் வீடு கொடுப்பார்?

ஊட்டிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வந்தது 2024 மே மாதம். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம், சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தது. வண்டியை எண்ண முடிகிற ஊரில் ஹோம்ஸ்டேயை எண்ண முடியாதா? பதிவு இல்லாமல் நடத்துவதைக் கண்டுபிடிப்பது, வீட்டு வரி கட்டிக்கொண்டு லாட்ஜ் நடத்துகிறவரிடம் வணிக வரி வாங்குவது, இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை.

அடுத்தது கட்டுவது. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2024-இல் இரண்டாம் கட்டமாக வந்தபோது, மலிவு வாடகைக் குடியிருப்பு என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். சொந்த வீடு வேண்டாம், வேலை செய்யும் ஊரில் நியாயமான வாடகைக்கு ஓர் இடம் போதும் என்பவர்களுக்காக வந்தது அது. தொழிலாளர்கள், வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாம் அதில் வருவார்கள். காலியாகக் கிடக்கும் அரசுக் குடியிருப்பைப் பழுது பார்த்து விடலாம், புதிதாகவும் கட்டலாம். ஆனால் தனி ஆள் மனு போட்டுப் பெறுகிற திட்டம் இல்லை இது. உள்ளாட்சியோ அரசு நிறுவனமோ கேட்டு வாங்க வேண்டும். உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். பதிவான ஹோம்ஸ்டே எத்தனை, காலியாகக் கிடக்கும் நகராட்சிக் குடியிருப்பு எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். பத்து ரூபாய்ச் செலவு.

உங்கள் முதலாளியையும் சும்மா விடாதீர்கள். சீசனில் அறை ஒன்றுக்கு அவர் வாங்கும் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேள்வி: தேவாலா பக்கம் ஐந்து சென்ட் வருகிறது. அக்கம்பக்கத்து விலையில் கால் பங்குதான் சொல்கிறார்கள். பட்டா பிறகு வரும், இப்போதைக்கு நோட்டரி அக்ரிமென்ட் போதும் என்கிறார் புரோக்கர். வீட்டு வரி ரசீது இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பந்தலூர்

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரில் வந்துகொண்டே இருக்கிறது.

கூடலூர், பந்தலூர் பக்கத்து நிலம் பெருமளவு முன்பு நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். அந்த முறையை ஒழிக்க 1969-இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, 1974-இல் அமலானது. ஜென்மி, அதாவது அந்த நில உடைமையாளர், தானே பயிர் செய்தது, குத்தகைதாரர் பயிர் செய்தது என்று பிரித்து அவற்றுக்குப் பட்டா கொடுக்க வழி வைத்தார்கள். எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம் 17-ஆம் பிரிவில் விழுந்தது. அதைத்தான் 'செக்‌ஷன் 17' என்கிறோம். உங்களுக்கு வரும் மனையும் அதில் ஒன்றாக இருக்கலாம். பட்டா முடிவாகாமல் வழக்கு மேல் வழக்கு. அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை (நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களைச் சேர்த்து வைத்த பட்டியல்) பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2007-இல் கொடுத்த தீர்ப்பே இந்தக் கூடலூர் சட்டத்திலிருந்து கிளம்பியதுதான். நாட்டுக்கே சட்டம் சொன்ன வழக்கு நம் ஊரிலிருந்து போயிருக்கிறது, நம் ஊர்க்காரன் கையில் மட்டும் இன்னும் பட்டா இல்லை!

அந்த நிலத்தில் வீடு கட்டி இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான தீர்வு. நீங்கள் புதிதாகப் பணம் போட்டு அந்தச் சிக்கலுக்குள் போவது வேறு கதை. கரண்ட் இணைப்புக்கே பல வருடம் அலைந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நோட்டரி கையெழுத்து நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்துக்குப் பதிவான கிரயப் பத்திரம்தான் செல்லும். வீட்டு வரி ரசீது, வரி கட்டியதற்கு ரசீது, அவ்வளவுதான். முதலில் சர்வே நம்பரைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கொடுத்தால், அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நில விவரப் பதிவேட்டில், அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிலமா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்படியென்றால் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. இதெல்லாம் தாண்டினால்தான் வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி என்ற பேச்சு.

இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் மானியம் கேட்டுப் போனால் முதலில் கேட்பது பட்டா. கால் விலைக்கு மனை வாங்கி மானியத்தையும் இழப்பீர்கள்.

கேள்வி: நஞ்சநாடு ஊராட்சியில் அப்பா பெயரில் மூன்று சென்ட் பட்டா இருக்கிறது, பழைய மண் வீடு. நான் இருப்பது ஊட்டி நகராட்சியில், வாடகைக்கு. எங்கே கட்டினால் எந்த உதவி கிடைக்கும்?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: ஊராட்சி எல்லைக்குள் என்றால் கலைஞரின் கனவு இல்லம். 2024-இல் தொடங்கியது, 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. குடிசையில் இருப்பவர்களுக்கானது என்பதால் உங்கள் அப்பாவின் வீடு பட்டியலில் வருகிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

நகராட்சி எல்லைக்குள் மனை வாங்கிக் கட்டினால் மேலே சொன்ன பிரதமர் திட்டம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து சொந்த மனையில் கட்டுகிறவருக்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம் தரும், மாநிலப் பங்கு தனி. வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு வட்டி மானியம்: கடன் 25 லட்சத்துக்கும் வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்கும் மேல் போகக்கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம், ஐந்து தவணையில் அதிகபட்சம் 1.80 லட்சம். நாட்டில் எங்கேயும் உங்கள் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது.

ஆக, இரண்டு திட்டமும் மனை இருப்பவனுக்குத்தான் நேராக உதவுகிறது. மனையே இல்லாதவனுக்கு மலையில் மனை வாங்குவதுதான் பெரிய செலவு. அதற்கு இந்தப் பணம் காணாது. உங்களுக்கு மூன்று சென்ட் இருப்பதே பாதி வீடு. ஊராட்சியிலேயே கட்டுங்கள் என்பேன்.

கணக்குப் போடும்போது சமவெளி விலையைப் போடாதீர்கள். மணல், கம்பி, செங்கல் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற வேண்டும். தடுப்புச் சுவர் ஒன்றே பட்ஜெட்டில் பெரிய துண்டு விழ வைக்கும். ஜேசிபி வைத்து மண் வெட்ட அனுமதி வேண்டும். மானியத் தொகை அந்தந்தக் கட்டம் முடிந்த பிறகே வரும் என்பதால் பேஸ்மென்ட் போடக் கையில் பணம் இருக்க வேண்டும். மேஸ்திரிக்கும் அதே மாதிரி கட்டம் கட்டமாகக் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் தடுப்புச் சுவரும் வடிகாலும் முடிந்திருக்கட்டும். மற்றது தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ரிட்டயர் ஆகிவிட்டார். லைன் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்கிறார்கள்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: லைன் வீடு கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இப்போது அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் அந்த உரிமை வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றபின் வீட்டில் தொடரும் உரிமையை அதில் காட்ட முடியாது. கிராஜுவிட்டியோ முப்பது நாளில் கொடுக்க வேண்டிய பணம், தாமதித்தால் வட்டியோடு. இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் இருக்கின்றன. அதனால் வாய்ப்பேச்சில் விடாமல் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கு மனு கொடுங்கள், வீட்டுக்கு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அம்மா வேலை செய்தது அரசின் டான்டீ தோட்டம் என்றால், ஓய்வு பெற்றவர்களுக்கென்று வாழ்விட மேம்பாட்டு வாரியம் மூலம் வீடு கொடுக்கும் ஏற்பாடு உண்டு. டிவிஷன் ஆபீஸில் அம்மாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கிய வீட்டை ஒருவர் 4 லட்சத்துக்குக் கைமாற்றித் தருகிறேன் என்கிறார். ஒதுக்கீட்டு ஆணையையும் காட்டினார்.
– வாசகர், கூடலூர்

பதில்: ஆணை அவர் பெயரில். கிரயப் பத்திரம் ஆகும் வரை அவரே விற்க முடியாது, நீங்கள் எதை வாங்குவீர்கள்? தகுதி இருந்தால் நீங்களே விண்ணப்பியுங்கள். பங்குத்தொகையை வாரியத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். அப்படிக் கட்டியும் வீடு தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையம் போகலாம். வீட்டுவசதி தரும் அரசு அமைப்பும் சேவை தருவதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 5 லட்சம் வரையிலான விஷயத்துக்குப் புகார்க் கட்டணமும் இல்லை.

கேள்வி: வாடகை கட்டி மாளவில்லை. 5 லட்சம் கொடுத்து மூன்று வருட லீஸுக்குப் போகலாமா? இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள்.
– வாசகி, அருவங்காடு

பதில்: போகலாம், ஆனால் அந்த இருபது ரூபாய் பத்திரத்தில் வேண்டாம். பணத்தைக் கொடுத்து வீட்டை அனுபவிப்பது போக்கியம். அதைப் பதிவு செய்ய வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதிலேயே எல்லாம் தெரிந்துவிடாது, வீட்டின் மேல் பேங்க் கடன் உண்டா என்று நேராகக் கேட்டு, அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அசல் பேங்கில் இருந்தால், தவணை தவறியதும் பேங்க் வந்து பூட்டும், உங்கள் 5 லட்சம் வீட்டுக்காரரிடம் வராக்கடனாக நிற்கும். அசலைக் காட்ட மறுத்தால் வாடகை வீட்டிலேயே இருங்கள்.