வடக்கு வாசலிலிருந்து நடங்கள்

கேள்வி: நானும் என் அம்மாவும் ஜனவரியில் கெய்ரோ செல்கிறோம். பிரமிடுகள் போக ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. அம்மாவுக்குப் பழைய கட்டடங்கள் பார்க்க ஆசை, எனக்குக் கடைத்தெரு. பெண்கள் இருவர் மட்டும் போகலாமா? பேரம் தெரியாதவர்களை ஏமாற்றிவிடுவார்களாமே?
– வாசகி, திருச்சி

பதில்: ஆளுக்கொரு பக்கம் இழுக்கவே வேண்டாம். நீங்கள் கேட்பதும் அம்மா கேட்பதும் ஒரே தெருவில் இருக்கின்றன. கணவரின் வேலை காரணமாக இரண்டு ஆண்டுகள் அந்த ஊரில் குடியிருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பிரமிடுக்கு முன்பாக அல்-முயிஸ் தெருவுக்குத்தான் அழைத்துப்போவேன்.

டாக்சியில் பாப் அல்-ஃபுதூஹ் என்னும் வடக்குக் கோட்டை வாசலில் இறங்குங்கள். 1087-இல் கட்டியது. அங்கிருந்து தெற்கே பாப் ஸுவைலா வாசல் வரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் அரை நாளாவது வேண்டும்; அவசரப்படாதீர்கள்.

அல்-அக்மர் மசூதி முன்னால் அம்மாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். 1125-இல் கட்டியவர்களுக்கு ஒரு சிக்கல்: தொழும் திசை ஒரு பக்கம், தெரு ஓடும் திசை வேறு பக்கம். முகப்புச் சுவரைத் தெருவோடு ஒட்டி நேராக நிறுத்திவிட்டு, உள்ளே தொழும் இடத்தை மக்கா நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். அந்தக் கோண வித்தியாசத்தைச் சுவரின் பருமனே வாங்கிக்கொண்டிருக்கிறது. தெருவுக்கும் மரியாதை, வழிபாட்டுக்கும் மரியாதை.

சற்றுத் தள்ளித் தெரு இரண்டாகப் பிரியும் முனையில் ஒரு சிறிய கட்டடம், 1744-ஆம் ஆண்டினது. எனக்கு அந்தத் தெருவிலேயே மிகவும் பிடித்தது அதுதான். கீழே வழிப்போக்கருக்குக் குடிநீர். மேலே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலின் மேல் ஒரு திண்ணைப் பள்ளியை ஏற்றி வைத்ததைப் போல. முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

பிறகு பித்தளை, செம்புப் பாத்திரக் கடைகள். அவற்றின் எதிரே சுல்தான் கலாவூனின் கல்லறையும், மருத்துவமனை இருந்த இடமும். இடப்பக்கம் திரும்பினால் 1380-களில் தொடங்கிய கான் அல்-கலீலி சந்தை. அங்கே பொருள் வாங்குவதைவிடச் சுற்றிப் பார்ப்பது நல்லது. அல்-அஸ்ஹர் சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. மேலே வண்டிகளுக்கு நடுவே துணிய வேண்டாம்.

பகலில் நீங்கள் இருவரும் தாராளமாகப் போகலாம். கூப்பிடுகிறவர்களிடம் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நில்லாமல் நடங்கள். மசூதிக்குத் தலைத்துணி வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம், அப்போது போகாதீர்கள். மெட்ரோவில் நடுப் பெட்டிகள் பெண்களுக்கானவை.

ஏமாற்றம் எனக்குக் கடைத்தெருவில் நேரவில்லை, பிரமிட் அருகே ஓர் ஒட்டகக்காரரிடம் நேர்ந்தது. ஏறுவதற்கு ஒரு விலை சொன்னார். இறங்க இன்னொரு விலை கேட்டார். ஏறும் முன்பே "ஏறி, சுற்றி, இறங்க, இருவருக்கும் சேர்த்து, எகிப்திய பவுண்டில்" என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்துவிடுங்கள். பவுண்ட் என்று மட்டும் சொன்னால் கடைசியில் பிரிட்டிஷ் பவுண்ட் என்பார்கள். கடையில் பேரம் பேசத் தயங்காதீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன விலைக்கு அவர் இறங்கி வந்த பிறகு வாங்காமல் எழுந்து போவது தவறு.

வாங்கும் பணத்தைப் பாப் ஸுவைலா தாண்டும் வரை பத்திரமாக வைத்திருங்கள். வாசலுக்கு அப்பால் கூரை வேய்ந்த ஒரு தெரு, கூடாரம் தைப்பவர்களுடையது. பெரும்பாலும் ஆண்கள்தான். உயர்ந்த கடைத்தளத்தில் சம்மணமிட்டு, கனத்த துணியின் மேல் வண்ணத் துணியை வெட்டி வைத்து, விளிம்பை ஊசிமுனையால் உள்ளே மடித்து மடித்துத் தைப்பார்கள். இப்போது அதே வடிவங்களை அச்சடித்த துணியும் விற்கிறது. பின்புறம் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் நூல் தெரியும். நான் அங்கே வாங்கிய தாமரைத் தலையணை உறை இன்றும் வீட்டில் இருக்கிறது. துவைத்துத் துவைத்துத் துணி வெளுத்துவிட்டது. தையல் ஒன்றுகூட விடவில்லை.