காலி நாற்காலிகளும் குழு அறையும்

அன்புள்ள ஐயா,

மக்களவை நேரலை பார்த்தேன். ஒரு மசோதா மீது விவாதம். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. எங்கள் தொகுதி எம்.பி.யையும் காணோம். ஓட்டுப் போட்டு அனுப்பியது எதற்கு?

கே.

அன்புள்ள கே.,

எரிச்சல் புரிகிறது. ஆனால் தப்பான அறையைப் பார்த்துக் கோபப்படுகிறீர்கள்.

543 பேரில் 55 பேர் இருந்தாலே அவை நடக்கும். அதற்கும் குறைந்துவிட்டது என்று யாராவது எழுந்து சொன்னால் மணி அடிப்பார்கள், வெளியே இருக்கும் சிலர் அவசரமாக வந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் பேசிவிடவும் முடியாது. மசோதாவுக்கு ஒதுக்கும் நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரியும். யார் பேசுவது என்பதைக் கட்சி முடிவு செய்யும். இரண்டு மூன்று பேர் உள்ள கட்சிக்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலே பெரிது. சரி, ஓட்டாவது தன் விருப்பப்படி போடலாமா? 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறினால் பதவியே போகலாம்.

உங்கள் எம்.பி. தனி ஆளாக ஏதாவது செய்ய முடிகிற இடம் துறைவாரி நிலைக்குழு, அதாவது அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்கள் குழு. மொத்தம் 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்கு அது கேட்கும் பணத்தின் கணக்கை, இங்கேதான் வரிவரியாகப் பார்க்கிறார்கள். போன வருடம் ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை என்று கேட்டால், துறைச் செயலர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சிக்காரர்களே குடைந்து கேட்பதுண்டு. அங்கே கொறடா கிடையாது, கேமராவும் கிடையாது. கேமரா இல்லாததால்தான் கேட்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் வருத்தமெல்லாம் வேறு. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்படி அனுப்புவது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. காலி நாற்காலியைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று மக்களவை இணையதளத்தில் பாருங்கள். அந்தக் குழுவின் அறிக்கை ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். கூட்டக் குறிப்புகளில் அன்றைக்கு வந்தவர்களின் பெயர்கள் இருக்கும். அவர் அமைச்சராக இருந்தால் மட்டும் அங்கே தேடாதீர்கள். அமைச்சர்களுக்கு இந்தக் குழுக்களில் இடமில்லை.