பல்லி விழுந்த பானை

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பொருளாதாரப் பேராசிரியர் கிளென் லவ்ரி, போதை, கள்ள உறவு என்று தன் வண்டவாளத்தை எல்லாம் சுயசரிதையில் தானே எழுதிவிட்டாராம். சொந்த இனத்தாருக்கு ஒழுக்கம் போதித்த ஆள்! இனப் பிரச்சினை பற்றி இனி அவர் பேசினால் யார் கேட்பார்கள்?

பதில்: ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்கிறீர்கள். விழுந்தது உண்மைதான். 1982இல் ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினத்தவர் அவர். 1984இல் கறுப்பினத் தலைவர்கள் கூடிய வாஷிங்டன் கூட்டத்தில் ‘சிவில் உரிமை இயக்கம் முடிந்துவிட்டது’ என்று போட்டு உடைத்தார். இனி நம் வீட்டை நாம்தான் சரிசெய்ய வேண்டும் என்பது வாதம். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா அங்கேயே அழுதுவிட்டாராம். 1987இல் வலதுசாரி அதிபர் ரீகனின் அரசில் கல்வித் துறைப் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரகசிய உறவு சந்திக்கு வரவிருந்த நேரத்தில் விலகினார். அதே ஆண்டு கொக்கைனுடன் பிடிபட்டார்.

சரி, இதனால் அவர் சொன்னதில் எது பொய்யாகிறது? பாகுபாட்டைச் சட்டத்தால் ஒழித்தாலும், யாருக்கு யாரைத் தெரியும் என்பதே ஏற்றத்தாழ்வை அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடும் என்று 1977இலேயே எழுதியவர். அந்த அறிமுகங்களைத்தான் ‘சமூக மூலதனம்’ என்றார். எழுதியவர் புத்தரானாலும் போதைக்காரரானாலும் அந்தக் கணக்கு தப்பாது.

அந்தக் கணக்குக்கு அவரே சாட்சி என்பதுதான் வேடிக்கை. பிடிபட்ட பேராசிரியருக்குச் சிகிச்சை கிடைத்தது, வழக்கு கைவிடப்பட்டது, நாற்காலியும் தப்பியது. அதே பொடியுடன் சிக்கிய தெருமுனைப் பையனுக்கு? சிறை. ‘பொறுப்போடு நடந்துகொள்’ என்ற உபதேசம் இருவருக்கும் ஒன்றுதான்; விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் கைகள் ஒன்றல்ல. பின்னாளில் கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைப்பதை எதிர்த்து அவர் கடுமையாகப் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. அப்புறம் மறுபடி வலது பக்கம் போனார். அணி மாறுவதைக்கூட மன்னிக்கலாம். சொந்த அனுபவத்தை மறந்துவிட்டு மாறுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புத்தகத்தை மட்டும் முழுசாக நம்பிவிடாதீர்கள். தன் அசிங்கத்தைத் தானே சொல்பவனை வாசகன் நம்பிவிடுவான் என்பது பொருளாதாரம் படித்தவருக்குத் தெரியாதா என்ன! அவர் மனைவி லிண்டாவும் பொருளாதாரப் பேராசிரியர்தான். 1987க்குப் பிறகும் கூடவே இருந்தவர், 2011இல் இறந்துவிட்டார். புத்தகம் வந்தது 2024இல். அந்தம்மா ஒன்று எழுதியிருந்தால் முதல் பிரதியை நான் வாங்கியிருப்பேன்.