மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம்தானே?

கேள்வி: எங்கள் மகளுக்கு 14 மாதம். பத்து கிலோ இருப்பாள். காரில் போகும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்து, என் சீட் பெல்ட்டையே அவளுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கென்று தனி சீட் வாங்க வேண்டும் என்கிறார் கணவர். "பச்சப்புள்ளயக் கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போவாங்க?" என்று மாமியார் வருத்தப்படுகிறார். நாங்கள் நாற்பதைத் தாண்டுவதே இல்லை. அடுத்த மாதம் முடியிறக்கக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம். என்ன செய்யட்டும்? – வாசகி, கரூர்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. கோயிலுக்குக் கிளம்பும் முன்பே அந்த சீட்டை வாங்கிவிடுங்கள்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் நானும் இப்படித்தான் மடியில் வைத்துப் போனேன். மணப்பாறை தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடிவர, கணவர் பிரேக்கை மிதித்தார். எதன்மீதும் மோதவில்லை, வெறும் பிரேக்தான். இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடித்திருந்தேன். அப்படியும் கைக்குள்ளிருந்து வழுக்கிப்போய் டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டாள். நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம், நல்லவேளை அதோடு போயிற்று. அவள் கவுன் துணி மட்டும் என் கைப்பிடியில் கசங்கியிருந்தது.

நாற்பதில்தானே போகிறோம் என்கிறீர்கள். அந்த வேகத்தில் எதன்மீதாவது மோதுவது, சுமார் ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மோதிய கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், உங்கள் பத்து கிலோ மகள் அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேல் கனப்பாள். இரண்டு சிமெண்ட் மூட்டை. எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

ஒரே பெல்ட்டை இருவருக்கும் போடுவதை இன்றோடு விடுங்கள். மோதும்போது உங்கள் உடம்பின் மொத்த எடையும் அவளை அந்தப் பட்டையோடு சேர்த்து நசுக்கும். முன்னால் ஏர்பேக் வேறு இருக்கிறது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் அது, பெல்ட் போட்ட பெரியவர்களின் நெஞ்சுக்கும் தலைக்கும் என்று செய்யப்பட்டது. அதற்கும் உங்களுக்கும் நடுவில் உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் இடம் பின்சீட்தான்.

சீட் வாங்கும்போது பின்பக்கம் பார்த்து உட்காரும் வகையாகக் கேளுங்கள். இந்த வயதில் தலை கனம், கழுத்து பிஞ்சு. முன்னே பார்த்து உட்கார்ந்தால் தலை விசையோடு முன்னால் வீசப்படும், கழுத்து தாங்காது. பின்னே பார்த்து உட்கார்ந்தால் முதுகும் தலையும் ஒன்றாக அந்தச் சாய்மானத்தில் பதிந்துவிடும். சீட்டில் ஆர் 129 அல்லது ஆர் 44 என்ற தரச்சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கார் பின்சீட்டின் மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே விரலை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படுகிறதா? அப்படியானால் அந்த வளையத்திலேயே பூட்டிக்கொள்ளும் ஐசோஃபிக்ஸ் வகை மாட்டலாம். இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டும் வகை. தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினால், அது விபத்தில் சிக்காத சீட் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

குழந்தையை உட்காரவைத்துப் பட்டையை இறுக்கியதும் தோளருகே அதைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

அப்புறம் மாமியார். அவர் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். புது சீட்டை முதலில் வீட்டுக் கூடத்தில் வையுங்கள். ஒரு வாரம் குழந்தை அதில் உட்கார்ந்து விளையாடட்டும், கதை சொல்வது அவள் பாட்டியாகவே இருக்கட்டும். பயணத்திலும் பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்து இடம் அவருக்குத்தான். அழுதால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், பாட்டுப் பாடலாம். பால் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஓடும் வண்டியில் "ரெண்டே நிமிஷம்" என்று பட்டையைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

மாமியாரும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில், பாலத்துச் சுவரில் கார் மோதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த கார்தான். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், மோதும்போது முன்னால் இருப்பவர்மீதோ பக்கத்தில் உள்ள குழந்தைமீதோதான் போய் விழுவார். சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம்.

நம் ஊர்க் கார்களில் பின்சீட் பக்கிள் பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றி அதை வெளியே எடுத்துவிடுங்கள். மாமியாரையே உட்காரவைத்து, 'க்ளிக்' சத்தம் வரும்வரை ஒருமுறை அவர் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றவும் சொல்லிக்கொடுங்கள். மாட்டினால் எப்படிக் கழற்றுவது என்ற பயத்திலேயே பெல்ட்டைத் தொடாத பெரியவர்கள் நிறைய பேர்.