ஒன்பது ஆண்டில் 2,900 கிலோமீற்றர்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் ஆசிரியர். ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350 ஒன்றை வாங்குவது எனது நெடுநாள் ஆசை. 2016ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ஒன்று கல்லடியில் விற்பனைக்கு இருக்கிறது. உரிமையாளர் கட்டாரில் வேலை செய்கிறார். ஒன்பது ஆண்டில் 2,900 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. வாரம் ஒருமுறை தகப்பனார் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பாராம். அதே ஆண்டுப் பதிவுள்ள இன்னொன்று அம்பாறையில் இருக்கிறது. 31,000 கிலோமீற்றர் ஓடியது, விலை நன்றாகக் குறைவு. ஓடாத வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரியா?

பதில்: அவர்கள் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே எனது பதில். அந்த வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீற்றரில் தெரியும் இலக்கத்துக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது என்றுதான் சொல்கிறேன்.

கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு 27 கிலோமீற்றர் வருகிறது. உங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு ஒரு தடவை வந்து சேரவே ஏறத்தாழ அவ்வளவு தூரம் வேண்டும். ஆனால் எந்த வண்டியும் இப்படி மாதாமாதம் பங்கிட்டு ஓடுவதில்லை. புதிதில் ஆசையோடு ஓடியிருப்பார். வெளிநாடு போனபின் நின்றிருக்கும். ஆகவே கடைசியாக எப்போது அது நீண்ட தூரம் ஓடியது, எந்த இடத்தில் நின்றது, நிற்கும்போது தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது என்பவற்றைக் கேட்டு அறியுங்கள். 2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மூலையில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடாமலே விட்ட வண்டிகள் பல உண்டு. இதுவும் அவற்றில் ஒன்றா என்று தகப்பனாரிடம் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

அவர் நல்லெண்ணத்தோடு செய்த அந்த ஐந்து நிமிட வேலை வண்டிக்குக் கெடுதலே செய்திருக்கும் என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வீதியில் அரை மணி நேரமாவது ஓடி என்ஜின் முழுதாகச் சூடேறினால் அந்த ஈரம் வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஒரு பகுதி ஒயிலோடு கலந்து நிற்க, இன்னொரு பகுதி சைலன்சருக்குள் தண்ணீராகப் படிந்து தகரத்தை உள்ளேயிருந்து அரிக்கும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடியில் பால் தேநீர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சரின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இடத்தில் ஓசை மங்கலாக வரும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் ஐந்து நிமிடத்தில் பற்றரிக்கு முழுதாகத் திரும்பி வராமலும் போயிருக்கலாம்.

2016ஆம் ஆண்டு கிளாசிக் 350, காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) பூட்டிய 346 சிசி என்ஜினைக் கொண்டது. (2021இல் வந்த புதிய கிளாசிக்கின் 349 சிசி என்ஜின் முற்றிலும் வேறானது, உதிரிப்பாகம் வாங்கும்போது ஆண்டைச் சொல்லி வாங்குங்கள்.) நீண்ட காலம் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினைப் போலக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அரைவாசி நிரம்பிய தாங்கியின் மேற்பகுதியில் ஈரக்காற்று படிந்து துரு பிடிக்கும். கைவிளக்கால் தாங்கிக்குள் பார்க்க ஒரு நிமிடம் போதும். காபரேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்வது சிறிய வேலை. தாங்கி உள்ளே துருப்பிடித்திருந்தால் அது பெரிய செலவு.

கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. மாரியில் வாடைக்காற்றோடு வரும் உப்பீரம் சில்லுக் கம்பிகளையும் குரோம் பூச்சையும் மின்சார இணைப்புகளையும் தின்னும். கச்சான் வீசும் மாதங்களின் வெக்கை ரப்பரை உலர்த்தி வெடிக்கச் செய்யும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி வீட்டில் நின்ற வண்டி ஒன்றை, டயர் புதிதுபோல் இருக்கிறது என்று நம்பி வாங்கினேன். பூ தேயாமல் அப்படியே இருந்தது. முதல் மழையில், செங்கலடிச் சந்தியில் மெல்லத் திரும்பும்போதே பின்சில்லு வழுக்கி விழுந்தேன். டயர் கல்லாக இறுகிப்போயிருந்ததை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1416 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அந்தக் காலத்து டயர் இன்னும் பூட்டியிருந்தால், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டையும் டியூப்போடு மாற்றாமல் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. முன்சில்லைத் தாங்கும் போர்க் குழாய்களின் ஒயில் சீல்களில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்பாறை வண்டியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒழுங்காக ஒயில் மாற்றி ஓடிய இத்தகைய என்ஜினுக்கு 31,000 கிலோமீற்றர் பெரிய தூரமல்ல. செயின், கிளச் போன்றவை தேய்ந்திருக்கும், ஆனால் அவை தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள், கடையில் கிடைப்பவை. அது 2024 நவம்பர் வெள்ளத்தில் நின்றதா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். கல்லடி வண்டியின் மீற்றர் உண்மை பேசுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்: 2,900 மட்டுமே ஓடிய வண்டியில் கால் வைக்கும் ரப்பரும் கியர் மிதியின் ரப்பரும் வழவழப்பாகத் தேய்ந்திருக்க முடியாது.

விலையைப் பொறுத்தவரை, 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்து விலையையே பலர் இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, டயர், டியூப், பற்றரி, ஒயில், பிரேக், காபரேற்றர் வேலை அனைத்துக்கும் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கல்லடிக்காரர் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

உரிமையாளர் நாட்டில் இல்லாததால் பதிவுப் புத்தகத்திலுள்ள பெயர், என்ஜின் இலக்கம், செசி இலக்கம் மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பனார் கையெழுத்திடுவதாக இருந்தால் மகனின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் முறையான அற்றோணித் தத்துவம் அவரிடம் இருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தை ஏற்காதீர்கள். வருமான உத்தரவுப் பத்திரம் எந்த ஆண்டிலிருந்து புதுப்பிக்கப்படவில்லை என்பதைப் பார்த்து, நிலுவை யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகும் நாளில் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று தகப்பனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்ஜினைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் கிக்கரை உதைத்து எழுப்புங்கள். எழும்பி, நீலப் புகையில்லாமல் சீராக நின்று, பத்திரங்களும் சரியாக இருந்தால் கழித்த விலைக்குக் கல்லடி வண்டியையே வாங்குங்கள். முதல் 500 கிலோமீற்றர் நிதானமாக ஓடிவிட்டு ஒயிலை இன்னொரு தடவை மாற்றுங்கள். பத்திரத்தில் சிக்கல் என்றால் அடுத்த சனிக்கிழமையே அம்பாறைக்குப் போய்வாருங்கள்.