எரிவாயு அரசினுடையது, காணி உங்களுடையதா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோப்பாயில் ஆறு பரப்புத் தோட்டக் காணி, மனைவியின் சீதனம். கிணற்றில் நாலு பேருக்குப் பங்கு. எரிவாயு ஆய்வுக்குத் துளையிட வேண்டும், மாதாமாதம் காசு தருவோம் என்று ஒருவர் வந்து, 'சம்மதக் கடிதத்தில்' என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார். பிராக்கிங் செய்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்து வைக்காதீர்கள். காணியே உங்கள் பெயரில் இல்லையே! யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியைக் கைமாற்ற உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் (இந்தக் காலத்திலும் இப்படியொரு விதியா என்று அவர் கேட்டால் நியாயம்தான்). ஆனால் உங்கள் கையெழுத்து அவருடையதற்கு ஈடாகாது. அதோடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆகவே அந்தக் கடிதம் குத்தகையாகச் செல்லாது. ஆனாலும் 'காணிக்காரர் மறுக்கவில்லை' என்று காட்ட அது ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நிலத்தடியில் உள்ள எண்ணெயும் வாயுவும் அரசுக்குச் சொந்தம். பெற்றோலிய வளங்கள் சட்டம் இப்போது 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம். அரசின் அனுமதி இல்லாமல் யாரும் தேட முடியாது. வந்தவரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுதிக் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

மகன் பயப்படுவதில் விஷயம் இருக்கிறது. ஆய்வுத் துளை வேறு, பிராக்கிங் வேறு. பிராக்கிங் என்றால் தண்ணீர், மணல், இரசாயனம் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்குவது. 'ஆய்வும் அது சார்ந்த பணிகளும்' என்று கடிதத்தில் இருந்தால் இரண்டும் உள்ளே வந்துவிடும். பெரும்பாலும் கெடுதல் ஆழத்திலிருந்து வருவதில்லை. மேலே கொட்டும் கழிவுநீர், சரியாகச் சீமெந்து பூசாத துளைக்குழாய், இவைதான் காரணம். நம்முடைய சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். ஒரு காணியில் ஊற்றியது அடுத்த காணிக் கிணற்றில் தெரியும்.

சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் 2015இல் உயர் நீதிமன்றம் போனது. மாசாக்கியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டில் 2 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவு வந்தது 2019இல்தான். இப்படியான வழக்குகளில் 'எண்ணெய் முன்பே இருந்தது' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதம். அதனால் இப்போதே தண்ணீரைப் பரிசோதித்து வையுங்கள். எண்ணெய், குளோரைட்டு, நைத்திரேற்று மூன்றையும் கேளுங்கள். எண்ணெய்ப் பரிசோதனைக்குப் பிளாஸ்டிக் போத்தல் சரிவராது, கண்ணாடிதான். ஆய்வுகூடத்தாரே வந்து மாதிரி எடுத்து முத்திரை வைக்கட்டும். மற்றப் பங்குகாரர்களும் கிராம அலுவலரும் பக்கத்தில் நிற்கட்டும்.

கேளாமல் துளையிடத் தொடங்கினால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லை என்று நீதவானிடம் போகலாம். அரச அதிகாரியின் முடிவால் உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அப்புறம், அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி வாங்குங்கள். தர மறுத்தால் போனில் படமாவது எடுத்து வையுங்கள்.