அந்த நான்கு மணி வகுப்புக்குப் போங்கள்

கேள்வி: சிவகங்கை மாவட்டக் கிராமம் ஒன்றில், அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, மதுரை அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 91 மதிப்பெண் வாங்கிய எனக்கு முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. வகுப்பு ஆலோசகர் என் பெயரை ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியலில் சேர்த்து, மாலை நான்கு மணி சிறப்பு வகுப்புக்கு வரச் சொன்னார். இரண்டு நாள் போனேன். விடுதித் தோழிகள் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாமல் நின்றுவிட்டேன். இரவு வெகுநேரம் யூடியூபில் பாடம் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, தேர்வில் எழுத வரவில்லை. கடன் வாங்கியாவது டியூஷனுக்கு அனுப்புகிறேன் என்கிறார் அம்மா. டியூஷன் சேரட்டுமா, பொறியியலை விட்டுவிட்டுக் கலைக் கல்லூரிக்கு மாறட்டுமா?
– பெயர் வெளியிட வேண்டாம், மதுரை.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

டியூஷனுக்காக அம்மா கடன் வாங்க வேண்டாம். பொறியியலை விடுவது பற்றியும் இப்போது முடிவெடுக்க வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லாமல், உங்கள் பாடத்திட்டத்தையே நடத்தும் ஆசிரியரைக் கொண்டு, விடுதிக்குப் பக்கத்திலேயே நடக்கும் ஒரு வகுப்பை விட்டுவிட்டு, அதே உதவியை வெளியில் விலை கொடுத்து வாங்க நினைக்கிறீர்கள். அந்த நான்கு மணி வகுப்புக்கு மறுபடியும் போகத் தொடங்குங்கள்.

உங்கள் மனம் புண்பட்டதில் நியாயம் இருக்கிறது. ‘ஸ்லோ லேர்னர்’ என்ற பெயரை ஆலோசகர் தாமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்காக, மாணவர்களின் கற்றல் நிலையை அறிந்து, மெதுவாகக் கற்பவர்களுக்கும் விரைவாகக் கற்பவர்களுக்கும் தனித்தனியே என்ன செய்தோம் என்று கல்லூரிகள் பதிவேடு வைத்து வந்திருக்கின்றன. பதிவேட்டில் இருந்திருக்க வேண்டிய அந்தச் சொல் அறிவிப்புப் பலகைக்கும் விடுதி வராந்தாவுக்கும் வந்துவிட்டது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய முதல் தோல்வியைக் கொண்டு பெயரிட்டு அழைப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். இதைப் படிக்கும் பேராசிரியர்கள் அந்தப் பெயரை மாற்றினாலே வகுப்புக்கு வருவோர் கூடுவார்கள்.

இதை வேறு விதமாகச் செய்து காட்டிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-ஆம் ஆண்டு டியானா மார்ட்டின் என்ற கல்வியாளர் ஒரு துணைக் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கினார். பலவீனமான மாணவர் யார் என்று அவர்கள் தேடவில்லை. வழக்கமாக அதிகம் பேர் தோற்கும் பாடம் எது என்று பார்த்தார்கள். அந்தப் பாடத்தை முன்பே நன்றாக முடித்த சீனியர் மாணவர் ஒருவர் மறுபடியும் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்து பாடம் கேட்பார். பிறகு வாரந்தோறும் ஒரு கூட்டம் நடத்துவார். முதல் மதிப்பெண் வாங்குபவரும் அங்கே வரலாம், தோற்றவரும் வரலாம் என்பதால், வருபவரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. பின்னர் வேறு பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று இல்லாவிட்டாலும், கணிதத்தில் நன்றாகச் செய்த இரண்டாமாண்டு மாணவி ஒருவரை வாரம் ஒரு நாள் சிறப்பு வகுப்புக்கு வரச் சொல்லும்படி ஆசிரியரிடம் நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு அதே இடத்தில் தடுக்கி எழுந்தவருக்கு நீங்கள் எங்கே தடுக்குகிறீர்கள் என்பது சட்டென்று தெரியும்.

ஆனால் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால் அந்த வகுப்பும் பயன்படாது. இன்டர்னல் தேர்வில் திருத்திக் கொடுத்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பெண் இழந்த ஒவ்வொரு கணக்கையும் பாருங்கள். எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் விட்டவை சில இருக்கும். தொடங்கி நடுவழியில் நின்றவை சில இருக்கும். முறை சரியாக இருந்தும் கூட்டல் கழித்தல் குறியில் சறுக்கியவை சில இருக்கும். மூன்றுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. முதல் வகைக்கு ஆசிரியர் வேண்டும், இரண்டாவதற்கு உடன் உட்கார்ந்து போடும் சீனியரோ தோழியோ போதும், மூன்றாவதை உங்கள் பயிற்சியைத் தவிர வேறு யாரும் சரிசெய்ய முடியாது. “சார், எனக்கு மேட்ஸே வரவில்லை” என்று சொல்லும் மாணவிக்கு ஆசிரியர் ஆறுதல் சொல்வார். “இந்த மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது?” என்று கேட்கும் மாணவிக்குக் கணக்கையே சொல்லித் தருவார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பொறியியல் கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்) என்ற பகுதி உண்டு. அதில் பலரை மிரட்டுவது ஐகன் மதிப்பு காணும் கணக்கு. முதல் நிரையில் 2, 1 என்றும் இரண்டாம் நிரையில் 1, 2 என்றும் உள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு 2-களிலிருந்தும் லாம்டாவை (நாம் காண வேண்டிய ஐகன் மதிப்பை) கழித்து, அணிக்கோவை கண்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும்: லாம்டா வர்க்கம், கழித்தல் 4 லாம்டா, கூட்டல் 3, சமம் பூச்சியம். தீர்வுகள் 1, 3. இரண்டையும் கூட்டினால் வரும் 4, மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல். பெருக்கினால் வரும் 3, அணிக்கோவையின் மதிப்பு. இந்த இரண்டும் பொருந்தினால், விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள்: இருபடிச் சமன்பாட்டைப் பத்தாம் வகுப்பிலும் அணிக்கோவையைப் பதினொன்றாம் வகுப்பிலும் நீங்களே போட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தது ஒரே ஒரு படியும் ஆங்கிலப் பெயர்களும்தான். ஆகவே பழைய பள்ளிப் புத்தகத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் டிடர்மினன்ட் என்றால் அணிக்கோவை, டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

பார்க்கும்போது புரிகிறது, எழுத வரவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான், ஏனென்றால் நேர்மையாக உழைக்கும் பிள்ளைகள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அம்மா புள்ளிக்கோலம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது ஒவ்வோர் இழையும் தெரிந்ததுபோலவே இருக்கும். மாவைக் கையில் வாங்கிய பிறகுதான் அடுத்த இழை எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று தெரியாமல் நிற்போம். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அவர்கள் சோதித்தது உரைநடைப் பகுதிகளை. கணக்குக்கும் இது பொருந்தும் என்பது என் துணிபு. எனவே இரவு நெடுநேரம் வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள். ஒரு கணக்கின் தீர்வை ஒருமுறை பார்த்த பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் முதல் வரியிலிருந்து போடுங்கள். நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த வரியை மட்டும் பாருங்கள். கோடு விழுந்த தாள்களை அப்படியே நான்கு மணி வகுப்புக்குக் கொண்டு போங்கள்.

இணையத்தில் தேடித் திரிய வேண்டாம் என்பதற்காகச் சில பெயர்களை மட்டும் தருகிறேன். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம், அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. சி, பைத்தான் போன்ற நிரல்மொழிகளுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலோடு சிறு சிறு பாடங்கள் உள்ளன. பார்த்துக்கொண்டே கூடச் செய்து பழகும் வகையில் அவற்றை அமைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் விடுதியின் சத்தத்திலிருந்து விலகிப் படிக்க, மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ‘நான் முதல்வன்’ பயிற்சிகள் வேலைத்திறனுக்கானவை; நல்லவைதான், ஆனால் கணித அரியரை அவை தீர்க்காது.

விடுதித் தோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களிலும் அரியர் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இருவராகப் போகும்போது அந்தப் பார்வை பாதியாகக் குறையும். பட்டியலின் பெயர் உங்களை வருத்துகிறது என்பதை ஆலோசகரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைக் கேட்டால் வருந்துவார்களே தவிரக் கோபப்பட மாட்டார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு அது உரியது; வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். அரியர் தேர்வுக்கான விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கலைக் கல்லூரிக்கு மாறுவது தாழ்ந்த முடிவு ஒன்றும் அல்ல. விரும்பிப் போகிறவர்களுக்கு அது நல்ல இடம். நீங்கள் விரும்பிப் போகவில்லை, ஒரு பட்டியலுக்குப் பயந்து போகப் பார்க்கிறீர்கள். இரண்டாம் செமஸ்டர் முழுவதும் வகுப்புக்குப் போய், தாளில் போட்டுப் பழகி, அரியர் தேர்வையும் எழுதி முடியுங்கள். அதன் பிறகும் எலக்ட்ரானிக்ஸ் பாடங்களில் மனம் ஒட்டவில்லை என்றால், எந்தப் பாடம் உங்களை இழுக்கிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்; எந்தப் பட்டப்படிப்பு, எந்தக் கல்லூரி என்று அப்போது பார்ப்போம்.